கந்திலி முறையைத் தெளிவான படத்துடன் விளக்குக

பெங்களூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவது போக, பாடத்திட்டம் தயாரிப்பதும் என் தலையில் விழுந்த வேலை. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. எங்கள் மாணவர்கள் என்ன படிக்க வேண்டும் என்பதை நாங்களே எழுதிக்கொள்ளலாம். வெளியே சொன்னால் பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் அது ஒரு வேர்டு ஃபைல்.

அந்த ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மேலே இருக்கும் ஆண்டை மாற்றினால் புதிய பாடத்திட்டம் பாதி தயார். இப்படிச் சொன்னால் சக ஆசிரியர்கள் என்மேல் பாய்வார்கள். பாய்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் செய்து அனுப்புவதை ஒட்டிச் சேர்ப்பது நான்தான்.

ஒரு பாடம் என்றால் ஐந்து அலகுகள். அலகுக்கு எட்டு மணி நேரம், மொத்தம் நாற்பது. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே எத்தனை மணி நேரம் என்று போட வேண்டும். கடைசியில் ஒரு பெரிய அட்டவணை வரும். இந்தப் பாடம் மாணவரிடம் எந்தத் திறமையை எவ்வளவு வளர்க்கும் என்பதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் அந்த அட்டவணையைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை முப்பத்தொன்பது என்று வந்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடும் பேராசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த மணி நேரங்களுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிப்பதில்லை. எழுதியவர் படித்திருப்பார் என்று படிக்கிறவர் நினைப்பார், படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியவர் நினைப்பார்.

நான் பாடத்திட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். கேட்பதற்கு நன்றாக இருக்கும். கூட்டம் நடக்கும் அன்று பிரிண்ட் எடுப்பது, பெயர்ப் பலகை வைப்பது, வடை சொல்வது எல்லாமே ஒருங்கிணைப்புதான். கம்பெனிகளிலிருந்து வரும் நிபுணர்கள் வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "பேசிக்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும் மேடம்" என்பார்கள். இந்த வாக்கியத்தைச் சொல்லாத நிபுணரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், கடைசி செமஸ்டருக்குப் புதிதாக ஒரு பாடம் சேர்க்கச் சொன்னார்கள். பெரிய அளவில் தகவல்களைச் சேமித்துத் தேடி எடுப்பது பற்றிய பாடம். ஆளுக்கு ஓர் அலகு என்று பிரித்துக் கொடுத்தேன். எல்லோரும் "ஈவ்னிங் அனுப்பிடறேன் மேடம்" என்றார்கள். எந்த ஈவ்னிங் என்று நான் கேட்காமல் விட்டேன்.

வராத இடங்களை நிரப்புவதற்கு எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. என் சொந்த ஊர் திருப்பத்தூர். பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் வருகிற ஊர்ப் பெயர்களை அந்த இடங்களில் தட்டி வைப்பேன். சூளகிரி, பர்கூர், கந்திலி என்று. கணினிப் பாடத்திட்டத்தில் சூளகிரிக்கு வேலை இல்லை. அதனால் பிறகு தேடினால் உடனே அகப்படும், எடுத்துவிட்டு உண்மையான தலைப்பைப் போடலாம். இந்த யோசனையை நானே கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போதாக்குறைக்கு, வெறும் ஊர்ப் பெயரைப் போட எனக்கு மனசு வராது. வரி அரைகுறையாக நிற்பது பிடிக்காது. "சூளகிரி மாதிரி: ஓர் அறிமுகம்", "பர்கூர் கட்டமைப்பு" என்று காலி இடத்தைக்கூட லட்சணமாக நிரப்புவேன்.

அன்றைக்கு சூளகிரியை எடுத்தேன். பர்கூரை எடுத்தேன். நான்காவது அலகில் கை வைக்கும்போது கேன்டீனிலிருந்து போன் வந்தது. "மேடம், நாளைக்கி வடை எத்தனை?" என்று கேட்டார்கள். வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். போனை வைத்துவிட்டு ஐந்தாவது அலகுக்குப் போய்விட்டேன். நான்காவது அலகில், இரண்டு மணி நேரத்துக்கு எதிரே, ஆங்கிலத்தில், "கந்திலி முறையும் அதன் பயன்பாடுகளும்" என்று உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் அந்தப் பக்கம் வந்தபோது நான் வெளியே பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டக் குறிப்பை இன்னொருவர் எழுதினார். "கந்திலி முறை போன்ற நவீனத் தலைப்புகளைச் சேர்த்திருப்பதை உறுப்பினர்கள் வரவேற்றனர்" என்று ஒரு வரி அதில் இருந்தது. அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. பிறத்தியாரைச் சொல்வானேன், நானும் படிக்காமல்தான் போட்டேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது போன மே மாதம், விடைத்தாள் திருத்தும் அறையில்.

அந்தப் பாடத்தை நடத்தியது நான் அல்ல, என் பக்கத்து அறையில் இருக்கும் மேடம். நான் திருத்துவதற்காகப் போயிருந்தேன். கட்டைப் பிரித்து, கேள்வித்தாளை மேஜையில் விரித்து, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவது கேள்வி, 'பி' பிரிவு. "கந்திலி முறையைத் தெளிவான படத்துடன் விளக்குக. எட்டு மதிப்பெண்." முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நம்ம ஊர்ப் பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் அதைத் தட்டியது நான் என்பது நினைவுக்கு வந்தது.

கேள்வித்தாள் எடுப்பவர் வெளியூர்க் கல்லூரிக்காரர். பாடத்திட்டத்தை மட்டும் அனுப்புவோம், அதை வைத்து அவர் கேள்வி எழுதுவார். கூடவே விடைக்குறிப்பும் தர வேண்டும். அவரும் தந்திருந்தார். விளக்கம் இரண்டு, படம் மூன்று, படிகள் மூன்று. என்ன விளக்கம், என்ன படம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சரி, பிள்ளைகள் என்னதான் எழுதியிருப்பார்கள் என்று முதல் விடைத்தாளைப் புரட்டினேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது. கந்திலி என்பவர் இத்தாலியக் கணித அறிஞர். தகவல்களைத் துண்டுகளாக்கி வட்டமாக அடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். கீழே வட்டம், வட்டத்தைச் சுற்றி அம்புக்குறிகள். ஸ்கேல் வைத்துப் போட்ட படம். இரண்டாவது தாளில் கந்திலி ஒரு பெண்மணி. மூன்றாவதில் அது ஏழெழுத்து ஆங்கிலச் சுருக்கம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரிவாக்கம் இருந்தது. நான்காவதில் மரம் மாதிரி ஒரு படம், அதன் கிளைகளில் எண்கள்.

எங்கிருந்து பிடித்தார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. தேர்வுக்குப் படிக்கும்போது, கையில் இருக்கும் போனில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டிருக்கிறார்கள். அது இல்லை என்று சொல்லுமா? ஆளுக்கொரு கந்திலியைப் பெற்றுக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்றை வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் நோட்ஸாகப் போட்டு விற்றிருக்கிறார், அதுதான் அந்த இத்தாலியர். சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். எதிரே திருத்திக்கொண்டிருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார்.

இருபதாவதோ என்னவோ, ஒரு தாள் வந்தது. இடது பக்கம் சாய்ந்த கையெழுத்து. படம் இல்லை. ஆங்கிலத்தில் நான்கே வரிகள் இருந்தன. "இந்தப் பெயரில் எந்த முறையும் எனக்குக் கிடைக்கவில்லை. நூலகத்தில் இந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் மூன்று புத்தகங்களிலும் இல்லை. இணையத்தில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வருகிறது, எனவே அதை நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தவரை கந்திலி என்பது திருப்பத்தூர் அருகே உள்ள ஓர் ஊர்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அதுவரை பார்த்த தாள்களில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை அது ஒன்றுதான். விடைக்குறிப்பின்படி அதற்கு நான் போட வேண்டியது சுழி.

மற்ற விடைகளைத் திருத்திக் கூட்டினேன். முப்பத்தாறு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். மறுபடி கூட்டினேன், முப்பத்தாறேதான். கடைசி செமஸ்டர் தாள். இதில் தவறினால் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்காது, ஜூலையில் வேலைக்குச் சேர முடியாது. இல்லாத அறிஞரை இத்தாலியில் பிறக்க வைத்தவர்களுக்கு ஆறும் ஏழும் வரும். இல்லை என்று எழுதிய இந்தப் பிள்ளை நான்கு மதிப்பெண்ணில் கவிழ்ந்துவிடும். அதுவும் நான் வடையை எண்ணியதால்.

எட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டாவதாக ஒருவர் திருத்துவார். அவர் விடைக்குறிப்பைப் பார்த்துச் சுழி போடுவார், வித்தியாசம் அதிகம் என்று தாள் மூன்றாவது ஆளிடம் போகும், அவரும் அதே குறிப்பைத்தான் பார்ப்பார். அதோடு இன்னும் பல கட்டுகள் வேறு ஆட்களிடம் இருந்தன, அவற்றிலும் இப்படி எழுதியவர்கள் இருக்கலாம். கட்டை மூடி வைத்துவிட்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

எங்கள் துறைத்தலைவரின் குடும்பம் மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், கோபம் வந்தால் தலைகீழாக நடக்கும். நல்ல மனிதர். ஆனால் பன்னிரண்டு நாளில் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. அவர் மேஜையில் அடுக்கி வைத்திருந்த ஃபைல்களுக்குப் பின்னால் அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரிந்தது.

நடந்ததைச் சொன்னேன்.

"ஒந்து நிமிஷ மேடம். அதை டைப் பண்ணது நீங்களா?"

"ஆமா சார்."

"கந்திலின்னா?"

"ஊர் சார். எங்க ஊருக்குப் போற வழியில வரும்."

"ஊரா?" அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சரி, டென்ஷன் ஆகாதீங்க. அவுட் ஆஃப் சிலபஸ்னு போட்டு எல்லாருக்கும் மார்க் குடுத்துடலாம். ஃபார்ம் இருக்கே."

"சிலபஸ்ல இருக்கே சார்."

"அட ஆமா. அப்போ கொஸ்டின் தப்புன்னு போடலாம்."

"சிலபஸ்படி பார்த்தா கொஸ்டின் கரெக்டுதான் சார்."

அவர் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே என்பதற்கு ஒரு கட்டம், கேள்வியில் பிழை என்பதற்கு ஒரு கட்டம் இருந்தன. பாடத்திட்டமே பிழை என்பதற்குக் கட்டம் இல்லை.

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "மேடம், பேசாம அதைக் கண்டுபிடிச்சிடுங்க."

"எதை சார்?"

"கந்திலி முறையைத்தான். பேர் இருக்கு, சிலபஸ் இருக்கு, கொஸ்டின் இருக்கு, பசங்க ஆன்சரே எழுதிட்டாங்க. மெத்தட் ஒண்ணுதான் பாக்கி. நீங்க டாக்டரேட்டு. சும்னே ஒரு நாலு பக்கம் எழுதி டிபார்ட்மென்ட் வெப்சைட்ல போட்டுட்டா ஆயித்து. யாரு கேக்கப் போறாங்க?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது இருவருக்கும் அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

"இல்லைன்னு எழுதின பிள்ளை, சார்?"

"எவ்ளோ பேர் இருப்பாங்க அப்படி? ஒண்ணு, ரெண்டு. சப்ளிமென்டரில பாஸ் பண்ணிடுவாங்க மேடம். இது வெளிய தெரிஞ்சா உங்க பேரு போவும். உங்க புரொபசர் இன்டர்வியூ அடுத்த மாசம்தானே? யோசிங்க."

யோசித்தேன். தொம்மலூரில் இறங்கி, காய்கறி வாங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் கந்திலி முறை வந்துவிட்டது. அடிக்கடி கேட்கப்படும் தகவல்களை ஒரு தனி அடுக்கில் வைத்து, கேட்கப்படாதவற்றை மெல்லக் கீழே தள்ளும் ஒரு வழி. மோசமும் இல்லை. படமும் போட்டேன், ஸ்கேல் வைத்துத் தெளிவாக. என் கணவர் வந்து எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே, புதுசா?" என்று கேட்டார். அவர் சாப்ட்வேர்க்காரர், லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் இதில் அசிங்கமான விஷயம்.

முறை தயார் ஆனதும், இனி எல்லாத் தாள்களுக்கும் பொதுவாக ஒரு விடைக்குறிப்பு எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன். எது சரி, எது தவறு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். "இப்படி ஒரு முறை இல்லை என்று எழுதியிருந்தால் சுழியம்" என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நகரவில்லை. நான் கண்டுபிடிக்காமல் இருக்கும்வரை அந்தப் பிள்ளை எழுதியது சரி. கண்டுபிடித்து வெளியே போட்டுவிட்டால் அது தவறு. உண்மையை எழுதிய ஒருவரைப் பொய்யராக்குவதற்காக நான் மெனக்கெட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாளைக் கிழித்துக் காய்கறித் தோலோடு போட்டேன்.

மறுநாள் காலை கடிதம் கொடுத்தேன். நானே தட்டியது, இடத்தை நிரப்பத் தட்டியது, எடுக்க மறந்தது, அப்படி ஒரு முறை உலகத்தில் இல்லை. நான்கு வாக்கியங்கள். துறைத்தலைவர் படித்துவிட்டு, "நிமகே பிட்டித்து மேடம்" என்றார். உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். கோபமாக இருந்தார். ஆனால் அன்று மாலையே குழுவை ஆன்லைனில் கூட்டியதும் அவர்தான்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. முகம் தெரியும் பெட்டிகளாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடிதத்தைப் படித்தேன். நவீனத் தலைப்பு என்று வரவேற்றவர் கேமராவை அணைத்துவிட்டார். பக்கத்து அறை மேடம் கண்ணீர் விடாத குறையாக, "எந்த புக்லயும் கிடைக்கல மேடம், உங்ககிட்ட கேட்டா எனக்குத் தெரியலைன்னு நினைப்பீங்களேன்னு செல்ஃப் ஸ்டடி குடுத்துட்டேன்" என்றார். ஆசிரியருக்குப் புரியாததை மாணவர் தானாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையில் நெடுநாள் வழக்கம். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், அவரை என்ன சொல்ல?

கேள்வி எடுத்த வெளியூர்க்காரர் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்குது மேடம், நான் எங்கேயோ படிச்சிருக்கேன்" என்றார். நான் அது என் ஊர்ப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடம் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். "பேர் ஒண்ணா இருக்கலாம்" என்றார்.

இல்லை என்று எழுதியவர்களுக்கு மட்டும் எட்டு கொடுங்கள், கதை எழுதியவர்களுக்குச் சுழியம் போடுங்கள் என்று நான் வாதாடினேன். அங்கே தோற்றேன். கதை எழுத வைத்தது நாம்தானே என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கேட்டார். கடைசியில் கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் எட்டு என்று முடிவானது. இத்தாலியருக்கும் எட்டு, பெண்மணிக்கும் எட்டு. முப்பத்தாறு நாற்பத்துநாலு ஆனது. எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது. பேராசிரியர் நேர்முகத் தேர்வு ஒரு வருடம் தள்ளிப் போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, மூன்றாம் நாள் பசித்தது.

தர மதிப்பீட்டுக் குழு வந்தபோது துறைத்தலைவர் இதை மறைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என் கடிதத்தையும் கூட்டக் குறிப்பையும் ஃபைலில் முதல் பக்கமாக வைத்து, "எங்க டிபார்ட்மென்ட்ல தப்பைத் திருத்தற சிஸ்டம் இருக்கு" என்று நீட்டினார். அவர்கள் மெச்சிக்கொண்டே போனார்கள். மனிதர் சமாளிப்பதில் மன்னன்.

ரிசல்ட் வந்த மறுவாரம் என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அத்திபெலேயிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து படித்தவள். ஒன்றிரண்டு தடவை வராந்தாவில் பார்த்திருக்கிறேன், வகுப்பு எடுத்ததில்லை.

"மேடம், கந்திலி ஒரு ஊர்னு எழுதினது நான்தான்" என்றாள். "அங்க எங்க சித்தி வீடு இருக்கு."

மன்னித்துக்கொள் அம்மா என்றேன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காராமலே பையைத் திறந்தாள்.

"எக்ஸாமுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி வந்தேன் மேடம், சிலபஸ் போடறது நீங்கன்னு சொன்னாங்க, கேக்கலாம்னு. கதவுல சிலபஸ் வேலை நடக்குது, தொந்தரவு செய்யாதீர்ன்னு போட்டிருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

அந்தக் காகிதம் கதவில் அப்போதும் ஒட்டியிருந்தது. எழுந்துபோய்ப் பிய்த்து எடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அவள் ஒரு நோட்டை மேஜையில் வைத்தாள். "அது ஒண்ணு மட்டும் இல்ல மேடம். நாலு வருஷத்து சிலபஸையும் எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு யாருமே நடத்தாதது, புக்ல இல்லாதது, ரெண்டு சப்ஜெக்ட்ல அப்படியே ரிப்பீட் ஆனது, எல்லாம் குறிச்சி வெச்சிருக்கேன். ஜூனியர்ஸுக்கு யூஸ் ஆவும்."

புரட்டினேன். அதே இடது பக்கம் சாய்ந்த கையெழுத்து, பதினோரு பக்கம். முக்கால்வாசி என் ஃபைலிலிருந்து வந்தவை. முதல் பக்கம் படித்தபோது கோபம்தான் வந்தது. இவள் யார் என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க என்று. மூன்றாவது பக்கத்தில் கோபம் போய்விட்டது. ஐந்தாவது பக்கத்துக்கு வரும்போது பென்சிலை எடுத்து, நானும் பக்கத்தில் ஒரு டிக் போட ஆரம்பித்திருந்தேன். எங்கள் பாடத்திட்டத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த ஒரே ஆள் என் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளைத்தான் கவிழ்க்கப் பார்த்தோம்.

பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. வழக்கமாக அமெரிக்காவில் இருக்கும் யாராவது ஒருவரின் பெயரைப் போடுவோம். அவர் வரமாட்டார், வராததற்கு வாழ்த்து அனுப்புவார். இந்தத் தடவை அவள் பெயரை எழுதி துறைத்தலைவரிடம் கொடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வம்பை நாமளே விலைக்கு வாங்கற மாதிரி இருக்கு மேடம்" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் கூட்டம் நடந்தது. அவள் வேலை செய்யும் இடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என்னைத் தவிரப் பெரியவர்கள் ஒன்பது பேர், நடுவில் அவள். முதல் பாடத்தை எடுத்தோம். வழக்கம்போல எல்லோரும் கடைசிப் பக்க அட்டவணைக்குத் தாவினார்கள். அவள் முதல் பக்கத்தில் இருந்தாள். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி வந்தவள், இரண்டாவது அலகில் நிறுத்தினாள்.

"மேடம், இது என்ன? எதுக்கு இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் காலத்திலிருந்து அந்த இடத்திலேயே இருக்கும் வரி. எத்தனையோ தடவை ஆண்டை மாற்றி மாற்றி நானே முன்னுக்குக் கொண்டுவந்த வரி. ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெரியாமல் இல்லை. அடிப்படை, தொழில்துறையின் தேவை, மாணவர் நலன் என்று மூன்று நிமிடம் பேசியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்த மேஜையில் உட்கார்ந்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்திலிருந்த கம்பெனிக்காரர் தொண்டையைக் கனைத்து, "ஆக்சுவலி, எனக்கும் தெரியாது" என்றார். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பாடத்தைத் தானே எட்டு வருடம் நடத்தியிருப்பதாகவும், அந்த வரியை ஒரு தடவைகூட நடத்தவில்லை என்றும் சொன்னார்.

அவள் எங்களில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.